கொடியும் கொடிக்காலும்: வாய்ப் புற்றுநோயைப் பற்றி ஒரு பாடம்



நம் மருத்துவமனையைக் காணிக்கையாலும் ஜெபத்தாலும் தாங்கிவரும் நண்பர்கள் கேட்கிற கேள்விகளில் இரண்டை இந்த இதழின் பாடமாக எடுத்துக்கொள்கிறோம். முழங்கால் வலிக்கு மருந்து வாங்க வந்த பாட்டியம்மாளின் வாயை ஏன் டார்ச் அடித்துப் பார்க்கிறீர்கள் என்பது ஒன்று. ஒரே வெற்றிலைச் செல்லத்திலிருந்து எடுத்து நாற்பது வருஷம் மென்ற அக்காள் தங்கை இருவரில் ஒருத்திக்கு மட்டும் கன்னத்தில் புற்று வந்து, மற்றவள் சுகமாயிருப்பது எப்படி என்பது மற்றொன்று. இரண்டையும் சேர்த்தே விளக்கலாம். சற்று நீண்ட பாடம். பொறுமையாக வாசிக்கும்படி வேண்டுகிறோம்.

விதையும் நிலமும்

புற்றுநோய் என்றால் என்ன என்று கேட்டால், ஓர் உயிரணு கட்டுக்கடங்காமல் பெருகுவது என்று சொல்லிக்கொடுக்கிறோம். அது பொய்யல்ல, ஆனால் பாதிதான். அந்த உயிரணு எந்த இடத்தில் இருக்கிறது, அதைச் சுற்றி எப்படிப்பட்ட நார் இருக்கிறது, எந்த இரத்தக் குழாய் ஓடுகிறது, உடலின் காவல் அணுக்கள் அங்கே என்ன செய்துகொண்டிருக்கின்றன என்பதெல்லாம் மறு பாதி. கட்டியை வெட்டி எடுத்துக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தால், அதில் புற்று அணுக்கள் மட்டும் இருப்பதில்லை. பல கட்டிகளில் நாரும் குழாயும் வெள்ளணுக்களுமாகிய பக்கத்துக் குடிகளே பாதி இடத்தைப் பிடித்திருக்கும்.

இதை முதலில் தெளிவாகச் சொன்னவர் லண்டனில் பணிபுரிந்த ஸ்டீபன் பேஜட் என்னும் அறுவை மருத்துவர். மார்புப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை ஒப்பிட்டுப் பார்த்து 1889-ல் எழுதினார். இரத்தம் எல்லா உறுப்புக்கும்தான் போகிறது. அப்படியானால் அதில் மிதந்து போகும் புற்று அணுக்கள் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் தங்க வேண்டும். அப்படித் தங்கவில்லை. கல்லீரலில் அடிக்கடி தங்கின. கல்லீரலைப் போலவே இரத்தம் நிறையப் பாயும் மண்ணீரலில் அரிதாகவே தங்கின. விதை எங்கும் போகலாம், ஆனால் ஏற்ற நிலம் வேண்டும் என்பதே அவர் கண்ட முடிவு. விதைக்கிறவன் உவமையை ஞாயிறு பள்ளியிலேயே கேட்ட நமக்கு இது எளிதாகப் புரிகிறது. மருத்துவ உலகமோ இதை ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஓரமாக வைத்துவிட்டு விதையை மட்டுமே ஆராய்ந்தது.

நம் ஊர்க்காரருக்கு இன்னும் பொருத்தமான உதாரணம் ஒன்று உண்டு. சுவாமிமலை, ராஜகிரி, அய்யம்பேட்டைப் பக்கம் காவிரிப் பாய்ச்சலில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். அவர்கள் எடுத்த எடுப்பில் கொடியை நடமாட்டார்கள். முதலில் அகத்தியை விதைப்பார்கள். அது வளர்ந்து நிழலும் பிடிமானமும் கொடுக்கும் நிலைக்கு வந்த பிறகுதான் வெற்றிலைக் கொடியை அதன் அடியில் நட்டு ஏற்றிக் கட்டுவார்கள். அகத்தி இல்லாத வெறும் தரையில் நல்ல கொடியை நட்டாலும் அது மேலே போகாது. புற்றுக் கட்டியும் இப்படித்தான். தனக்கு ஒரு கொடிக்கால் இல்லாமல் அது வளர்வதில்லை. கெட்டிக்காரத்தனம் என்னவென்றால், அந்தக் கொடிக்காலை அது நம் உடலைக் கொண்டே போட வைக்கிறது.

கோழிக் குஞ்சு சொன்ன செய்தி

அமெரிக்காவில் பெய்டன் ரௌஸ் என்னும் ஆராய்ச்சியாளர், கோழிக்குக் கட்டி உண்டாக்கும் ஒரு வைரஸை 1911-ல் அறிவித்தார். பல வருஷம் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1966-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தபோது அவர் எண்பது வயதைத் தாண்டிய முதியவர். இந்த வைரஸைக் கோழியின் இறக்கையில் ஊசியால் ஏற்றினால் கட்டி நிச்சயம். ஆனால் 1984-ல் மினா பிஸ்ஸல் என்ற விஞ்ஞானியும் அவருடன் வேலை செய்தவரும் இதே வைரஸை முட்டைக்குள் இருக்கும் கருவுக்கு ஏற்றிப் பார்த்தபோது கட்டி வரவில்லை. வைரஸ் உள்ளே இருந்தது, தன் வேலையையும் செய்துகொண்டிருந்தது; ஆனாலும் கரு கருவாகவே வளர்ந்தது. அந்த உயிரணுக்களைக் கருவிலிருந்து பிரித்துக் கண்ணாடித் தட்டில் வளர்த்தால் உடனே புற்றின் குணம் காட்டின.

அடுத்த ஆண்டு வெளியான இன்னொரு சோதனை நமக்கு அதைவிட முக்கியம். ஒரு இறக்கையில் வைரஸ் ஏற்றிய கோழிக்கு மற்ற இறக்கையில் ஒரு காயம் உண்டாக்கினார்கள். ஊசி போட்ட இடத்தில் மட்டுமல்லாமல் காயம்பட்ட இடத்திலும் கட்டி வந்தது. காயமில்லாத மற்ற இடங்களில் வரவில்லை. காயம் ஆறுவதற்காக உடல் அனுப்பும் சரக்கே அந்தக் கட்டிக்கு எருவாகிவிட்டது.

1986-ல் ஹெரால்ட் ட்வோராக் என்னும் அமெரிக்க நோயியல் மருத்துவர், புற்றுக் கட்டியை ஆறாத காயம் என்றே வர்ணித்தார். கையில் அரிவாள் பட்டால் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். இரத்தம் உறைகிறது. விழுங்கும் அணுக்கள் வந்து அழுக்கையும் கிருமியையும் அப்புறப்படுத்துகின்றன. நார் நெய்யும் அணுக்கள் வந்து தழும்பு போடுகின்றன. புது இரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. வேலை முடிந்ததும், நடவு முடிந்து ஆட்கள் கரையேறுவதுபோல, எல்லாரும் கலைந்துவிடுகிறார்கள். கட்டி இருக்கும் இடத்தில் இந்த ஆட்கள் கரையேறுவதே இல்லை. நாரும் குழாயும் வந்துகொண்டே இருக்கின்றன. அந்தச் சாப்பாட்டில் புற்று வளர்கிறது.

நம் டெல்டாவின் வாய்

இந்தப் பாடத்தை வாயிலிருந்து ஆரம்பிக்கக் காரணம் உண்டு. உலகம் முழுவதிலும் 2022-ல் புதிதாக உண்டானதாகக் கணக்கிடப்பட்ட வாய்ப் புற்றுநோய்கள் ஏறத்தாழ 3,90,000. அவற்றில் 1,40,000-க்கும் மேல் இந்தியாவில். மூன்றில் ஒன்றுக்கும் அதிகம். மற்ற உறுப்புகளில் நிலம் கெட்டுப்போவதை வெளியிலிருந்து பார்க்க முடியாது. வாயில் முடியும். ஒரு டார்ச் விளக்கும் இரண்டு விரலும் போதும்.

வெற்றிலை போடுவதைப் பழிப்பது எங்கள் எண்ணமல்ல. தாம்பூலம் மாற்றாமல் இங்கே நிச்சயதார்த்தம் இல்லை. எங்கள் வீட்டுப் பெரியவர்களும் போட்டவர்கள்தான். கணுக்கால் சேற்றில் விடியற்காலை முதல் குனிந்து நாற்று நடுகிற பெண்களுக்குப் பசியை ஒத்திப்போடவும் அது உதவுகிறது. இதைத் தெரியாமல் போதிக்கப் போனால் நம் பேச்சை யாரும் கேட்கமாட்டார்கள். எனவே குற்றம் எதில் இருக்கிறது என்று சரியாகச் சொல்ல வேண்டும். கும்பகோணத்துக் கொழுந்து வெற்றிலை மேல் அந்தப் பழி இல்லை. விலங்குகளில் சோதித்தபோது இலை புற்று உண்டாக்கவில்லை. வேதாரண்யத்து மணல்பூமியில் விளைந்தாலும் வேறெங்கு விளைந்தாலும் புகையிலை ஒரு குற்றவாளி. பலருக்கும் தெரியாத இன்னொரு குற்றவாளி, மங்களப் பொருளாகத் தட்டில் வைக்கும் கொட்டைப்பாக்கு. புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச நிறுவனம் 2004-ல் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை சேராத பாக்கே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது.

பாக்கு என்ன செய்கிறது? மேல்தோலை மட்டும் கெடுப்பதில்லை. அடியிலுள்ள நிலத்தையே மாற்றுகிறது. பாக்கிலுள்ள அரிகோலின் என்ற சத்து, கன்னத்தின் உட்புறத் தோலுக்குக் கீழே இருக்கும் நார் நெய்யும் அணுக்களைத் தூண்டிவிடுகிறது. அவை கொலாஜன் என்ற நார்ப்பொருளை அளவுக்கு மீறி நெய்கின்றன. பாக்கின் துவர்ப்பு அந்த நாரைத் தோல் பதனிடுவதுபோல இறுக்கி, உடல் அதைக் கரைக்க முடியாதபடி செய்கிறது. பாக்கில் தாமிரச் சத்தும் உண்டு. நாரோடு நாரை முடிச்சுப் போடும் ஒரு நொதிக்கு அது பலம் சேர்க்கிறது. சுண்ணாம்பின் காரம் தினமும் மேல்தோலை அரித்துக்கொண்டிருக்கிறது. ஆக, கன்னத்துக்குள் அடக்கி வைத்த தாம்பூலம் ஆற விடாத ஒரு காயம்.

இப்படிக் கன்னம் இறுகிப்போகும் நிலையை 1952-ல் விவரித்தவர் சுவார்ட்ஸ் என்பவர். நம் தஞ்சையின் சுவார்ட்ஸ் ஐயர் அல்ல. அவர் காலமாகி அப்போது நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. இந்தச் சுவார்ட்ஸ் பார்த்தது கென்யாவில் குடியிருந்த ஐந்து இந்தியப் பெண்களின் வாயை. கடல் கடந்து போனவர்களும் பாக்கை விடவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. மறு ஆண்டே பம்பாயில் ஜோஷி என்னும் மருத்துவர் தம்மிடம் வந்த நோயாளிகளைப் பற்றி எழுதி, தோலடி நார் இறுக்கம் என்ற பொருளில் பெயரும் வைத்தார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

இது எப்படி ஆரம்பிக்கும்? புண்ணாக அல்ல; காரம் தாங்காமல் போவதாக. எங்கள் புறநோயாளர் பகுதியில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படி இருக்கும்.

"மிளகாய் சேர்த்தா எரியுதாம்மா?"

"எரியுது டாக்டரம்மா. மூணு வருஷமாச்சு, ரசத்தைக்கூட தண்ணி ஊத்தித்தான் குடிக்கிறேன். வயசாச்சுல்ல, அதான்னு இருந்துட்டேன்."

"வாயை நல்லாத் திறங்க பார்ப்போம்."

"இவ்வளவுதாங்க வருது."

இவ்வளவு என்பது ஒன்றரை விரல். வலி கிடையாது. காய்ச்சல் கிடையாது. அதனால் யாரும் வருவதில்லை. கன்னத்தைத் தொட்டால் மெத்தென்று இருக்கவேண்டிய இடத்தில் கயிறு கயிறாய்த் தட்டுப்படும். நிறமும் வெளுத்து, இரத்த ஓட்டம் குறைந்த பளிங்குபோல் தெரியும். இதுவே புற்றுநோய் அல்ல. ஆனால் அகத்தி வளர்ந்து நிற்கிறது என்று அர்த்தம். கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்தில் இப்படி நார் இறுகிய 66 பேரைப் பதினேழு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1985-ல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 5 பேருக்குப் புற்று வந்தது. நூற்றுக்கு ஏழு எட்டுப் பேர் என்ற கணக்கு. மற்றவர்களுக்கு அந்தக் காலத்துக்குள் வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பயமுறுத்தி அனுப்பினால் திரும்ப வரமாட்டார்கள்.

இப்போது எங்களுக்குப் பெரிய கவலை பாட்டிமார்கள் அல்ல. பாக்கைக் காயவைத்துப் பொடித்து வாசனை சேர்த்துப் பொட்டலத்தில் அடைத்து விற்கிறார்கள். வெற்றிலை இல்லாமல், வெறும் பாக்குத் தூளை நாள் முழுவதும் வாயில் அடக்குகிற வாலிபர்களுக்குச் சில வருஷங்களிலேயே வாய் இறுகிவிடுகிறது. பாட்டிக்கு முப்பது வருஷத்தில் ஆனது பேரனுக்கு இருபத்தைந்து வயதில் ஆகிறது.

இன்னொரு செய்தியும் நெல் விளையும் பூமிக்காரர்களுக்குப் பிடிக்கும். 1953-ல் ஸ்லாட்டர் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவரும் கூட்டாளிகளும் 783 வாய்ப் புற்று நோயாளிகளை ஆராய்ந்தார்கள். கட்டிக்கு வெளியே, பார்வைக்கு நன்றாயிருந்த தோலும் கண்ணாடியின் கீழ் மாறிப்போயிருந்தது. கட்டியை எடுத்த பின் பக்கத்திலேயே புதிதாக இன்னொன்று முளைப்பது இதனால்தான் என்றார்கள். அந்த நிலைக்கு அவர்கள் வைத்த ஆங்கிலப் பெயரிலேயே வயல் என்ற சொல் இருக்கிறது. ஒரு கதிர் அல்ல, வயலே நோய்ப்பட்டிருக்கிறது. அறுவை செய்தவர் கட்டியோடு சுற்றிலும் கொஞ்சம் நல்ல சதையையும் எடுத்துவிட்டார் என்று வருத்தப்படுகிற குடும்பத்தாருக்கு இதைத்தான் விளக்குகிறோம்.

காவல்காரர்கள் எங்கே போனார்கள்?

நம் உடலில் நோய் எதிர்ப்பு அணுக்கள் இரவும் பகலும் சுற்றிவருகின்றன. கெட்டுப்போன உயிரணுவைக் கண்டால் கொல்வதும் அவற்றின் வேலை. இதற்கு அத்தாட்சி வேண்டுமானால், மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டவர்களைப் பாருங்கள். புது உறுப்பை உடல் தள்ளிவிடாதபடி எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தை ஆயுள் முழுவதும் சாப்பிடுகிறார்கள். அவர்களுக்குத் தோலிலும் உதட்டிலும் புற்று வருவது மற்றவர்களைவிட மிக அதிகம். அப்படியானால் நம்மில் எத்தனையோ பேருக்கு முளைக்கும்போதே கிள்ளப்பட்ட கட்டிகள் இருந்திருக்கக்கூடும். நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

அக்காள் தங்கை கேள்விக்கு இங்கே பாதி விடை கிடைக்கிறது. மென்ற அளவு, அடக்கி வைத்த நேரம், பிறவியிலேயே வந்த குணம், உரசும் கூர்மையான பல், இவற்றோடு நிலமும் காவலும் ஒருத்திக்கு இருந்ததுபோல் மற்றவளுக்கு இல்லை. மீதியைத் தற்செயல் என்றுதான் சொல்ல முடியும்.

காவலைப் புரிந்துகொள்ள வயலுக்கே போவோம். புகையான் என்ற பூச்சி விழுந்தால் நெற்பயிர் வட்ட வட்டமாகத் தீய்ந்துபோவது நம் விவசாயிகள் அறிந்தது. புகையானைத் தின்பதற்கென்றே வயலில் சிலந்திகள் உண்டு. அதன் முட்டையை உறிஞ்சும் சிறு பச்சை நாவாய்ப் பூச்சியும் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு மருந்தடித்தால் முதலில் சாவது இவைகள்தான். பிறகு புகையான் முன்னைவிடப் பெருகும். இந்தோனேசியா இந்த அனுபவத்தால் 1986-ல் 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்கு அடிக்கக்கூடாது என்று தடையே போட்டது. புற்றுக்குக் கொடுக்கும் கடுமையான மருந்துகளும் காவல் அணுக்களைச் சேர்த்தே அழிக்கும் என்பதை நோயாளிகளைக் கவனிக்கும் எவரும் அறிவர்.

ஆனால் உவமை இதற்கு மேல் போகாது. எந்தப் புகையானும் சிலந்தியைத் தன் வேலைக்காரன் ஆக்கிக்கொண்டதில்லை. புற்று ஆக்கிக்கொள்கிறது. காயம் ஆற்ற வரும் விழுங்கும் அணுக்கள் முதலில் சண்டையிடும், பிறகு சாந்தமாகி வளர்ச்சிக்கு உதவும் என்று பார்த்தோம். புற்று அவற்றை இந்த இரண்டாம் குணத்திலேயே நிறுத்தி வைக்கிறது. களையெடுக்க வந்தவர்கள் களைக்கு நீர் பாய்ச்சிக்கொண்டு நிற்கிறார்கள். இறுகிய நார் வேலியாகி, கொல்ல வரும் டி அணுக்களை வெளியிலேயே நிறுத்திவிடுகிறது. உள்ளே வந்துவிட்டவைகளையும் புற்று அணைத்துவிடுகிறது. எப்படியென்றால், டி அணுவின் மேல் பி.டி.1 என்று ஒரு பூட்டு இருக்கிறது. நம் சொந்தச் சதையையே அது தாக்கிவிடாதபடி அடக்கி வைக்க உடல் கொடுத்த பூட்டு அது. புற்று அணு அதற்குரிய சாவியைத் தன் மேல் வளர்த்துக்கொண்டு, தன்னைத் தொட வந்த டி அணுவைப் பூட்டிவிடுகிறது.

இந்தப் பூட்டை ஜப்பானில் கியோட்டோ நகரத்து தசுகு ஹோன்ஜோவின் ஆய்வகம் 1992-ல் அறிவித்தது. இதைப் போன்ற வேறொரு பூட்டைத் திறந்தால் எலிகளின் கட்டி கரைகிறது என்று அமெரிக்காவில் ஜேம்ஸ் அலிசன் 1996-ல் காட்டினார். இருவருக்கும் 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது. இப்போது பூட்டை மறைத்துவிடும் ஊசி மருந்துகள் வந்திருக்கின்றன. புற்றைத் தொடாமல் காவல்காரனை மட்டும் விடுவிக்கிற மருந்து என்பதுதான் அவற்றின் புதுமை.

ஊசியா, டார்ச் விளக்கா?

இந்த மருந்தை வாங்கிவைக்கத் தனிக் காணிக்கை அனுப்பலாமா என்று கேட்கும் அன்பர்களுக்கு நன்றி. உண்மையைச் சொல்லிவிடுகிறோம். முற்றிய தலை கழுத்துப் புற்றில் இந்த ஊசியைத் தனியாகக் கொடுத்தால் கட்டி நன்கு சுருங்குகிறவர்கள் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மேல்நாட்டு அளவில் முழுச் சிகிச்சை கொடுத்தால் ஒருவருக்கே பல லட்சம் ரூபாய் ஆகும். குத்தகை நிலம்கூட இல்லாத ஒரு கூலிக் குடும்பம் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க முடியாது.

ஆனால் பம்பாயின் டாட்டா நினைவு மருத்துவமனை மருத்துவர்கள் நம்மவர்களுக்கு ஏற்ற ஒரு வழியைத் தேடினார்கள். அவர்கள் ஏற்கெனவே மிகச் சிறிய அளவில் மாத்திரைகளை இடைவிடாமல் கொடுத்துப் பழகியவர்கள். அதில் ஒன்று மூட்டுவலிக்குக் கொடுக்கும் சாதாரண மாத்திரை. காயத்தின் அழற்சியைத் தணிக்க அது உதவுகிறது. இப்படிச் சிறிது சிறிதாகக் கொடுக்கும் முறை கட்டிக்கு இரத்தக் குழாய் முளைப்பதையும் குறைக்கும். அதாவது கொடியோடு அகத்தியையும் வெட்டுகிற முறை. அதனோடு பூட்டு மறைக்கும் ஊசியாகிய நிவோலுமாபை, வழக்கமாய் இரண்டு வாரத்துக்கு 240 மில்லிகிராம் கொடுக்கிற இடத்தில், மூன்று வாரத்துக்கு 20 மில்லிகிராம் மட்டும் சேர்த்துப் பார்த்தார்கள். 151 நோயாளிகள். 2023-ல் வெளியான முடிவின்படி, மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் ஓராண்டு கடந்து உயிரோடிருந்தவர்கள் நூற்றுக்கு 16. ஊசியும் சேர்ந்தவர்களில் 43. இது குணமல்ல, குணப்படுத்த முடியாத நிலைக்கு வந்துவிட்டவர்களுக்குக் கிடைத்த கூடுதல் காலம். அந்தக் காலத்தில் மகளின் கல்யாணத்தைப் பார்த்துவிட நினைக்கிறவருக்கு அது சிறிய விஷயமல்ல. எந்த நோயாளிக்கு இது தகும் என்பதைப் பெரிய மையங்களின் மருத்துவர்கள் தீர்மானிக்கட்டும். அங்கே அனுப்புவதும், போய்வரத் துணை செய்வதும் நம் பங்கு.

நம் கையிலுள்ள பணத்தை எங்கே போடுவது என்று கேட்டால், எங்கள் தீர்ப்பு டார்ச் விளக்கின் பக்கம். இது வெறும் எண்ணமல்ல. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996 முதல் 13 பஞ்சாயத்துகளை இரண்டு பிரிவாக்கி ஒரு பெரிய சோதனை நடந்தது. ஒரு பிரிவில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய் 35 வயதுக்கு மேற்பட்டவர்களின் வாயைப் பார்த்தார்கள். அவர்கள் மருத்துவர்கள் அல்ல, பட்டதாரிகள்தான். 2005-ல் வெளியான முடிவு: புகையிலையோ மதுவோ பழகியவர்களில் வாய்ப் புற்றுநோயால் இறந்தவர்கள், பார்க்கப்பட்ட பஞ்சாயத்துகளில் மூன்றில் ஒரு பங்கு குறைவு. திண்டுக்கல் மாவட்டத்தில் அம்பிளிக்கை கிறிஸ்தவ ஐக்கிய சுகாதார மையத்தாரும் சேர்ந்து நடத்திய இன்னொரு ஆய்வில், பெண்களின் கருப்பைவாயில் காடி அமிலம் தடவிப் பார்க்கும் எளிய முறையே, 2007-ல் வெளியான கணக்குப்படி, மரணத்தை 35 சதவீதம் குறைத்தது. இரண்டும் பக்கத்து ஊர்க் கதைகள் என்பதால் எங்களுக்குத் தைரியம்.

ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் சிறு அறுவையோடு முடிந்துபோகும் கட்டி, முற்றினால் பாதித் தாடையைக் கேட்கிறது. அறுவைக்கும் கதிர்வீச்சுக்கும் அரசின் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கிறது. ஆனால் ஆறு ஏழு வாரக் கதிர்வீச்சுக்கு அறுவடைக் கூலியை இழந்து உடன் வரும் புருஷனுக்கும் பிள்ளைக்கும் பஸ் கட்டணமும் இரண்டு வேளைச் சோறும் எந்தத் திட்டத்திலும் இல்லை. பலர் பாதியில் நின்றுவிடுவது அதனால்தான். உங்கள் காணிக்கையில் ஒரு பங்கு இந்தச் செலவுக்கும், களப்பணிச் சகோதரிகளின் போக்குவரத்துக்கும் போகிறது.

பாக்கை விட்டால் இறுகிய நார் பழையபடி மெத்தென்று ஆகிவிடுமா என்று கேட்கிறார்கள். முழுவதும் ஆகாது. ஆனால் மேலும் இறுகுவது மட்டுப்படலாம், எரிச்சல் தணியும், புற்று வரும் அபாயம் குறையும். வாயை விரிக்கும் பயிற்சியும் மருந்தும் கொஞ்சம் இடம் கொடுக்கும். ஒரே நாளில் விட முடியாதவர்களிடம் முதலில் இரவில் அடக்கிக்கொண்டு தூங்குவதை நிறுத்தச் சொல்கிறோம். பிறகு புகையிலை, பிறகு பாக்கு. வெற்றிலையை மட்டும் மெல்லட்டும், கொடிக்கால்காரருக்கும் நஷ்டமில்லை.

நம் சபைகளின் பெண்கள் ஐக்கியச் சகோதரிகள் இதைத் தங்கள் தெருவிலேயே செய்யலாம். அவரவர் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றின்மேல் ஒன்றாகச் செங்குத்தாகப் பல்லுக்கு நடுவே நுழைக்கச் சொல்லுங்கள். பிறகு கன்னத்தின் உட்புறத்தையும், நாக்கின் இரு ஓரத்தையும், தாம்பூலம் அடக்கும் பள்ளத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள். மூன்று விரல் நுழையாத வாய், துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, வெல்வெட்டுப்போல் சிவந்த திட்டு, மூன்று வாரமாகியும் ஆறாத புண், கழுத்தில் வலிக்காத நெறி, இவற்றில் ஒன்று இருந்தாலும் எங்களிடம் அனுப்புங்கள். வலிக்கிறதா என்று கேட்டு, இல்லை என்றதும் விட்டுவிடாதீர்கள். உங்கள் சீட்டோடு வருகிறவர்கள் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. நேரே பல் பிரிவுக்குப் போகலாம்.